குதிரையின் முதுகும் கண்டி அரசின் பந்தியும்

கண்டி மாநகரிலிருந்து மேற்கு நோக்கி நாலு மைல் சென்றால் பேராதனை. அங்கே மகாவலி கங்கையின் மறுகரையில் எழுவது கன்னொறுவைக் குன்று. 1638 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 28 ஆம் நாள் அக்குன்றின் சரிவிலே போர்த்துக்கேயப் படையொன்று ஏறக்குறைய முற்றாக அழிந்தது. இலங்கைப் போர்த்துக்கேயரின் தலைமைத் தளபதியாயிருந்த தியோகோ த மெலோ, கண்டி நகருக்குத் தீயிட்டுத் திரும்பும் வழியில், இரண்டாம் இராசசிங்கனின் சேனையாற் சூழப்பட்டு அங்கே மாண்டான். அப்போருக்குரிய காரணங்கள் பல. போர்த்துக்கேயரை நாட்டை விட்டு அகற்ற ஒல்லாந்தரின் துணையை அரசன் நாடியது அவற்றுள் முதன்மையானது. ஆயினும் பகையை மூட்டிய சிறு பொறியாகச் சொல்லப்படுவது வேறொன்று. அது ஒரு யானையையும் இரண்டு குதிரைகளையும் பற்றிய வழக்கு.

போர்த்துக்கேய வணிகன் ஒருவனுக்கு அரசன் யானையொன்றைப் பரிசளித்தான். தளபதி அதைப் பறித்துக்கொண்டான். வணிகன் அரசனிடம் முறையிட்டான். அத்தளபதி விற்பனைக்கென்று கண்டிக்கு அனுப்பியிருந்த குதிரைகள் இரண்டை அரசன் தடுத்து வைத்து, யானை உரியவனிடம் போய்ச் சேர்ந்தால் குதிரைகளும் திரும்பும் என்று சொல்லியனுப்பினான். யானை வரவில்லை, படை வந்தது.

யானை மலிந்த மலைநாட்டிலே இரண்டு குதிரைகள் இவ்வளவு பெறுமதி உடையனவாய் இருந்ததன் காரணம் நினைத்துப் பார்த்தற்குரியது. 1660 ஆம் ஆண்டிற் சிறைப்பட்டுப் பத்தொன்பது ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் வாழ்ந்த றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயன், 1681 ஆம் ஆண்டு வெளியிட்ட தன் நூலில், அந்நாட்டு விலங்குகளை வரிசைப்படுத்துகின்றான். மாடு, எருமை, மான், முயல், கரடி, யானை எல்லாம் உண்டு; குதிரையும் கழுதையும் செம்மறியும் அந்நாட்டுக்கு உரியனவல்ல என்கின்றான். அரசனின் பந்தியில் நின்ற சில குதிரைகள் ஒல்லாந்தர் முதலானோர் கையுறையாக அனுப்பியவை. ஈரம் மிக்க காடும், ஒருவர் பின் ஒருவராகவே நடக்கக்கூடிய ஒற்றையடிப் பாதையும், செங்குத்தான கணவாயும் குதிரைக்கு ஏற்றன அல்ல. அப்பாதைகளை அகலமாக்காமல் விட்டதே அந்த இராச்சியத்தின் அரண். ஆகவே கண்டியில் குதிரை படைக்கலம் அன்று, அரசனின் பெருமை.

அப்பெருமை எத்துணை கூர்மையானது என்பதற்கு நொக்ஸ் ஒரு நிகழ்ச்சியைக் குறிக்கின்றான். 1672 ஆம் ஆண்டு பிரெஞ்சுக் கப்பற்படை திருக்கோணமலையில் நின்றபோது, அங்கிருந்து வந்த பிரெஞ்சுத் தூதன் அரசமாளிகைக்கு முன்னே இறங்காமல் குதிரைமீதிருந்தபடியே கடந்து சென்றான். அரசன் அதனைப் பொறுக்கவில்லை. அத்தூதன் பின்னர் அனுபவித்த சிறைக்கும் துன்பத்துக்கும் தொடக்கம் அக்குதிரையின் முதுகிலேதான் இருந்தது.

அரசனின் குதிரை இலாயத்துக்குச் சிங்களத்தில் ‘அஸ்பந்திய’ என்று பெயர். தமிழிற் குதிரைப் பந்தி என்பதும் அதுவே. பந்தி என்றால் வரிசை. வரிசையாகக் கட்டப்பட்ட குதிரைகள் நிற்குமிடம். இரு மொழிகளும் ஒரே சொல்லை இலாயத்துக்கு ஆள்வது தற்செயலன்று. இத்தீவுக்குக் குதிரை பெரும்பாலும் கடல்வழியே வந்தது. அதை வளர்க்கத் தெரிந்தவனும் அதனுடன் கூடவே வந்தான். மகாவம்சம் கூறும் மிகப் பழைய தமிழ் அரசர்களாகிய சேனனும் குத்திகனும் குதிரை வணிகன் ஒருவனின் புதல்வர்கள். அநுராதபுரத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் நீதியுடன் ஆண்டனர் என்று அந்நூலே போற்றுகின்றது. பாய்மரத் தோணியிற் குதிரையை இறக்கி விற்ற குடும்பத்தவர் அரியணை ஏறிய வரலாறு அது.

அதே மகாவம்சத்தில் இப்பேச்சின் பொருளோடு நேரே தொடர்புடைய காட்சி ஒன்றும் உண்டு. துட்டகைமுனுவின் வீரர் பதின்மருள் ஒருவனாகிய வேலுசுமணன் இளைஞனாயிருந்தபோது, எவரையும் ஏறவொட்டாத சிந்துக் குதிரையொன்று அவனிடம் வந்தது. அவன் அதன்மேலேறி வட்டமாகச் செலுத்தினான். வட்டத்தின் எப்பக்கம் நோக்கினும் குதிரையே தெரிந்தது. குதிரைகளைக் கோத்த மாலைபோல அது சுழன்றது என்று நூலாசிரியர் வியக்கின்றார். பார்த்தவர் வியந்தது வேகத்தை. குதிரை பழக்குவோர் வியப்பது வட்டத்தை. முரட்டுக் குதிரையை அடக்கும் களம் நேர்ப்பாதையன்று, வட்டம் என்பது அப்பழங்காலத்திலேயே தெரிந்திருந்தது.

வட்டத்துக்கு ஏன் இந்தச் சிறப்பு? அதனை அறியக் குதிரையின் முதுகை அறிதல் வேண்டும். குதிரையின் முதுகு ஆள் ஏறி அமர்வதற்கென்றே அமைந்த பலகை என்று எண்ணுவோர் பலர். உண்மை அவ்வாறன்று. விலாவெலும்புகளைத் தாங்கும் முதுகு முள்ளெலும்புகள் பதினெட்டு. அவற்றின் பின்னே இடுப்பு முள்ளெலும்புகள் பெரும்பாலும் ஆறு. இவ்வெலும்புத் தொடர் நான்கு கால்களுக்கு மேலே கிடக்கும் நீண்ட பாலம். மனிதனுக்கு உள்ளதுபோலக் காறையெலும்பு குதிரைக்கு இல்லை. முன்னங்கால்கள் இரண்டுக்கும் நடுவே நெஞ்சுக்கூடு தசைகளால் மட்டுமே தொட்டில்போலத் தொங்குகின்றது. இந்தப் பாலத்தின் நட்டநடுவே, அதாவது தாங்கு மிகக் குறைந்த இடத்திலே, மனிதன் சேணத்தை வைக்கின்றான்.

கண்டியைச் சூழ்ந்த நாட்டில் இதற்கு நல்ல உவமையொன்று இருந்தது. 1833 ஆம் ஆண்டு பேராதனையில் மகாவலிக்குக் குறுக்கே ஆங்கிலேயர் முதிரை மரத்தால் ஒரு பாலம் கட்டினர். 205 அடி நீளத்தை நடுத்தூண் ஏதுமின்றி ஒரே வளைவாற் கடந்த அப்பாலம், 1905 இல் அகற்றப்படும் வரை எழுபது ஆண்டுகளுக்கு மேலாகச் சுமை தாங்கியது. அதனைத் தாங்கியது மரத்தின் கனமன்று. மேல்நோக்கி எழுந்த வளைவு. வளைவு இருக்கும் வரை சுமை இருபுறக் கரைகளுக்கும் போய்ச் சேரும். வளைவு தாழ்ந்தால் பாரமெல்லாம் நடுவிலே இறங்கும்.

குதிரையின் முதுகிலும் இதுவே நிகழ்கின்றது. ஆனால் அவ்வளைவு மரம்போல நிலையாக நிற்பதன்று, தசை முயற்சியால் நொடிதோறும் உண்டாக்கப்படுவது. ஒல்லாந்த உடற்கூற்றறிஞர் சிலைப்பர் 1946 ஆம் ஆண்டு இதனை வில்லும் நாணுமாக விளக்கினார். முதுகெலும்பு வில், வயிற்றுத் தசை நாண். நாண் இறுகினால் வில் வளைந்து எழும். நாண் தளர்ந்தால் வில் தொய்யும். கழுத்தும் இதற்குத் துணை செய்யும். பிடரியிலிருந்து தோள்மேட்டு எலும்பு முனைகள்வரை ஓடும் வலிய தசைநார், குதிரை தலையைத் தாழ்த்தி நீட்டும்போது அம்முனைகளை முன்னோக்கி இழுக்க, முதுகு சற்றே உயர்கின்றது. தலையை மேலே தூக்கி அஞ்சி நிற்கும் குதிரையின் முதுகு குழிகின்றது. குழிந்த முதுகில் ஆள் அமர்ந்தால் முள்ளெலும்பின் மேல்முனைகள் நெருங்கி, நாளடைவில் ஒன்றோடொன்று உராயவும் கூடும். அந்நோவினால் அடியெடுத்து வைக்கத் தயங்கும் விலங்கை மனிதன் முரடு என்றும் சோம்பல் என்றும் சொல்லிச் சாட்டையை எடுக்கின்றான்.

முதுகை நிமிர்த்தும் தசைகள் ஏறிய பிறகு வளர்வது அரிது. ஏறுமுன் வளர்க்கப்பட வேண்டும். தரையில் நின்று, கயிற்றைக் கையிற்பிடித்துச் செய்விக்கும் பயிற்சிகளின் பயன் இதுதான். இதை மறந்தவர்களுக்கு நேர்ந்த இழப்பைப் பழைய எழுத்தாளர் சிலர் கண்கூடாகக் கண்டதுபோலக் கூறியுள்ளனர்.

பாண்டிய நாட்டுக் கரையில் 1290 களில் இறங்கிய மார்க்கோ போலோ, அரேபியாவிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் ஆண்டுதோறும் வந்த குதிரைகளில் பெரும்பாலானவை விரைவில் மடிவதாகவும், அவற்றைப் பேணத் தெரிந்தவர் அங்கு இல்லையெனவும், இலாடம் கட்டும் வல்லுநர் அங்கு செல்லாதபடி வணிகரே தடுத்ததாகவும் எழுதினான். குதிரை செத்தால்தானே அடுத்த ஆண்டும் வியாபாரம்! பாரசீக வரலாற்றாசிரியராகிய வஸ்ஸாப் இன்னும் ஒருபடி மேலே போகின்றார். வந்திறங்கிய குதிரைகளுக்கு வறுத்த வாற்கோதுமையும், வெண்ணெயிற் சமைத்த தானியமும், காய்ச்சிய பசுப்பாலும் கொடுக்கின்றனர்; கொழுக்க வேண்டும் என்று நாற்பது நாள் முளையடித்துக் கயிற்றாற் கட்டிவைக்கின்றனர்; பின்னர் எவ்விதப் பயிற்சியும் தராமல் படைவீரர் அவற்றின்மேல் ஏறிப் பேய்போல ஓட்டுகின்றனர்; சில காலத்துக்குள் உயர்ந்த குதிரைகள் ஒன்றுக்கும் உதவாதனவாகிவிடுகின்றன என்பது அவர் கூற்றின் சாரம்.

நாற்பது நாட் கட்டு என்பதை இன்றைய உடலியலறிவோடு வைத்துப் பார்த்தல் தகும். கடற்பயணத்திலே பல வாரம் அசையாமல் நின்ற விலங்கு அது. மேலும் நாற்பது நாள் அசையாமல் நின்றால் வயிறு கனக்கும், நாண் தளரும், முதுகின் உட்தசை மெலியும். கொழுப்பு அம்மெலிவை மூடி மறைக்கும். புறத்தே பளபளக்கும் அக்குதிரையின் முதுகு உள்ளே ஆள் தாங்கும் வலிவை இழந்திருக்கும். அந்நிலையில் ஆயுதம் பூண்ட வீரன் ஏறினால் என்ன ஆகும் என்பதற்கு வஸ்ஸாப்பின் சொற்களே போதும்.

ஆனால் தென்னாட்டாருக்குக் குதிரை தெரியாது என்று இதனாற் தீர்த்துவிடுதல் நியாயமன்று. வஸ்ஸாப் இக்கரைக்கு வந்தவரல்லர். தம் நாட்டு வணிகர் சொன்னதைக் கேட்டு எழுதியவர். விற்றவன் வாங்கியவனைப் பழிப்பது சந்தையின் வழக்கம். இந்நாட்டின் நூலறிவோ மிகப் பழையது. கௌடலியரின் அர்த்தசாத்திரம் குதிரைத் தலைவனின் கடமைகளை விரிக்கும்போது, குதிரையின் நடைவகைகளுள் முதலாவதாக வட்டமிடும் நடையையே எண்ணுகின்றது. ஒரு முழ விட்டமுள்ள சிறு வட்டத்திற் சுழலுதல் அதன் ஒரு வகை. 12 ஆம் நூற்றாண்டிற் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் பெயரால் எழுந்த மானசோல்லாசம் குதிரை பழக்கும் முறையை அரச விநோதங்களுள் ஒன்றாக விரித்துரைக்கின்றது. தமிழிலோ சொற்களே சான்று. கதி ஐந்து, சாரி பதினெட்டு என்று எண்ணுவது பழைய உரைமரபு. சாரி என்பது வட்டமாகச் செலுத்துதல். குதிரை பயிலும் வெளிக்குச் செண்டுவெளி என்றும், பழக்குவோனுக்கு வாதுவன் என்றும் பெயர் வழங்கியது. பெருந்துறைக்குக் குதிரை வாங்கச் சென்ற வாதவூரடிகளுக்காக இறைவனே குதிரை வணிகனாய் மதுரைக்கு வந்த திருவிளையாடலை அறியாதார் யார்? அங்கும் அவன் குதிரைகளின் கதியையும் சாரியையும் பாண்டியன் முன் காட்டிய பின்னரே விலை முடிந்ததாகப் புராணம் பேசுகின்றது. நரிகளே ஆனாலும் நடை காட்ட வேண்டியிருந்தது.

ஆகவே குறை அறிவின்மையன்று. அவசரம் என்றே கொள்ள வேண்டும். ஆயிரக்கணக்காகக் குதிரை வாங்கி அடுத்த பருவத்துப் போருக்கு அனுப்பும் அரசுக்கு, ஒவ்வொரு குதிரையின் பின்னும் பல மாதம் கயிறு பிடித்து நடக்க ஆளில்லை, பொழுதில்லை.

மேனாட்டிலும் இக்கலை படிப்படியாகவே தெளிந்தது. கிறித்துவுக்கு முன் நாலாம் நூற்றாண்டில் குதிரையேற்றம் பற்றி நூல் எழுதிய கிரேக்கர் செனபோன், முதுகெலும்பு புடைத்து நிற்கும் குதிரையைவிட, இருபுறமும் தசை எழுந்து நடுவே எலும்பு தாழ்ந்து கிடக்கும் குதிரையே அமர்வதற்கு இனியது என்றார். சேணமின்றி ஏறிய காலத்து மனிதனுக்கு அவ்வேறுபாடு நன்றாகவே தெரிந்திருக்கும். கண்டியிற் செனரத் மன்னன் ஆண்ட நாட்களில், பிரான்சின் இளம் அரசன் பதின்மூன்றாம் லூயிக்குக் குதிரையேற்றம் கற்பித்த புளுவினல், குதிரையை முதலில் ஆளேற்றாமல் ஒற்றைத் தூணைச் சுற்றிப் பழக்கினார். அவர் நூல் 1623 இல் வெளிவந்தது. ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய அதே 1658 ஆம் ஆண்டில், ஆங்கிலப் பிரபு நியூகாசில் அந்துவெர்ப்பு நகரிலிருந்து தம் பயிற்சி நூலை வெளியிட்டார். 1733 இல் எழுதிய பிரெஞ்சு ஆசான் கெரினியேர், தோளை உள்வாங்கி நடக்கும் நடையை முறைப்படுத்தி, குதிரையின் விறைப்பை நீக்கும் பயிற்சிகளில் அதற்கே முதலிடம் தந்தார். அந்நடை இன்றும் தரையில் நின்று கையாற் செய்விக்கப்படுகின்றது.

இனி அப்பயிற்சிகள் செயலில் எவ்வாறு அமையும் என்பதைச் சற்று விரிவாகக் காணலாம். முதலாவது நெடுங்கயிற்றுச் சாரி. மூக்குப்பட்டையில் நீண்ட கயிற்றைப் பிணைத்து, வாதுவன் நடுவில் நிற்க, குதிரை அவனைச் சுற்றி வருகின்றது. வட்டம் பெரிதாயிருத்தல் நன்று. இருபது அடிக்குட்பட்ட சிறு வட்டத்தில் ஓட்டினால் கால் மூட்டுகள் தேயும். வட்டத்தில் நடக்கையில் உட்பக்கத்துப் பின்னங்கால் வயிற்றின் கீழ் ஆழமாக அடிவைக்க வேண்டியதாகின்றது. அவ்வாறு வைக்கும்போது வயிற்றுத் தசை சுருங்குகின்றது. வெளிப்பக்கத்து முதுகுத் தசை நீளுகின்றது. மனிதரில் வலக்கைப் பழக்கமும் இடக்கைப் பழக்கமும் இருப்பதுபோலக் குதிரைக்கும் ஒருபக்கச் சாய்வு உண்டு. ஆதலால் வலச்சாரியும் இடச்சாரியும் சம அளவாக வேண்டும். தலையைத் தாழ்த்தி மூக்கை முன்னே நீட்டக் குதிரை தானாக விரும்பும் நேரம் வரும். முதுகு திறந்துகொண்டதற்கு அதுவே அடையாளம். தலையைக் கயிற்றால் இழுத்துக் கட்டித் தாழ்த்துவோர் அடையாளத்தைச் செய்கின்றனரேயன்றி முதுகைச் செய்வதில்லை.

நடை மாற்றமும் முக்கியம். நடையிலிருந்து ஓட்டத்துக்கும், ஓட்டத்திலிருந்து நடைக்கும், நடையிலிருந்து நிலைக்கும் அடிக்கடி மாற்றினால் பின்புறத் தசை இறுகித் தளர்ந்து வலுப்பெறும். ஒரே ஓட்டத்தில் நாழிகைக் கணக்காகச் சுற்றவிடுவதால் வருவது களைப்பு மட்டுமே. புதிய குதிரைக்குப் பத்து நிமிடம் போதும்.

அடுத்தது பின்னடை. குதிரையின் நெஞ்சில் விரலை மெல்ல வைத்து, நேர்கோட்டில் நாலைந்து அடி பின்னே செல்ல விடுதல். அப்போது பின்புட்டம் மடிந்து தாழ, இடுப்பு வளைகின்றது. விரைந்து தள்ளினால் குதிரை தலையைத் தூக்கி முதுகைக் குழித்துக்கொள்ளும், பயன் தலைகீழாகும். பக்கநடையில் ஒரு பின்னங்கால் மற்றதன் முன்னே குறுக்கிட்டு வைக்கப்படுகின்றது. தரையிற் கிடத்திய கழிகளைத் தாண்டி நடத்தல் இன்னொன்று. காலை உயர்த்தத் தலையைத் தாழ்த்திப் பார்க்கும் குதிரை தன் முதுகைத் தானே எழுப்புகின்றது.

எல்லாவற்றிலும் எளியது உணவு காட்டி நீட்டுவித்தல். ஒரு கரட்டையோ ஒரு பிடி புல்லையோ கையிலெடுத்து, குதிரையின் மூக்கை நெஞ்சுக்கும், முழங்கால்களுக்கு நடுவேயும், பின் விலாவுக்கும் இடுப்புக்கும் மெதுவாக இட்டுச்சென்று சில நொடி அங்கே நிறுத்துவது அது. விளையாட்டுப் போலத் தோன்றும் இதன் பயனை ஆராய்ச்சியாளர் அளந்தே பார்த்தனர். 2011 ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், எட்டுக் குதிரைகளுக்கு மூன்று மாதம், வாரத்தில் ஐந்து நாள் இப்பயிற்சி கொடுத்து, முன்னும் பின்னும் ஒலியலைக் கருவியால் முதுகை நோக்கினர். முள்ளெலும்புகளை ஒன்றோடொன்று பிணைத்து நிறுத்தும் உட்தசை இருபக்கமும் பருத்திருந்தது. அக்காலம் முழுவதும் அவற்றின்மேல் ஒருவரும் ஏறவில்லை.

மலைநாட்டுக்கென்றே உரிய பயிற்சியும் ஒன்று உண்டு. அது மேடேற நடத்துதல். சரிவில் ஏறும் குதிரை கழுத்தை நீட்டித் தாழ்த்தி, பின்னங்கால்களை உள்ளே ஊன்றி, முதுகை வளைத்தே ஏற வேண்டும். கடற்கரையிலிருந்து கண்டிக்கு வந்த ஒவ்வொரு கையுறைக் குதிரையும் பலன கணவாயையோ அதுபோன்ற வேறொன்றையோ ஏறித்தான் வந்தது. அரசனுக்குரிய குதிரை மேல் இடையில் எவனும் ஏறி வருதல் பொருந்தாது. கையிற் பிடித்து நடத்தியே கொண்டுவருதல் இயல்பு. அவ்வாறாயின் கப்பலிலும் இலாயத்திலும் இறுகிப்போன முதுகுக்கு அம்மலைப்பாதை ஒரு சிகிச்சையாயிற்று என்று கருதுவது பிழையாகாது. குதிரைக்கு ஏலாத நாடு என்று சொல்லப்பட்ட நாடே, குதிரையை இறங்கி நடத்துவோனுக்கு நல்ல பயிற்சிக்களமாய் இருந்தது.

கண்டிக்கு அருகே உடுநுவரையில் உள்ள எம்பக்கை தேவாலயத்துக்குச் செல்வோர், அங்குள்ள மரத்தூண்களில் குதிரைவீரன் உருவம் செதுக்கப்பட்டிருப்பதைக் காணலாம். 14 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று சொல்லப்படும் அக்கோயிலின் சிற்பி ஏறியவனைச் செதுக்கினான். ஏட்டிலும் அவ்வாறே. வேலுசுமணன் பெயர் நிலைத்தது. இராசசிங்கன் இளமையிற் குதிரையேறிய திறனைச் சூளவம்சம் பாராட்டியது. தரையில் நின்றவனுக்குத் தூணிலும் இடமில்லை, ஏட்டிலும் இடமில்லை.

தரையில் நின்றவர்கள் மிகுதியாகக் கண்ணிற்படுவது ஆங்கிலேயர் காலத்திலேதான். 1815 இல் கண்டி வீழ்ந்தபின், தோசன் என்னும் பொறியியற் படைத்தலைவனின் மேற்பார்வையிற் கொழும்புப் பாதை கடுகண்ணாவை மலையை ஏறிற்று. அவன் நினைவாக எழுப்பிய கோபுரம் இன்றும் அவ்விடத்தில் நிற்கின்றது. 1832 இல் கொழும்புக்கும் கண்டிக்கும் இடையே அஞ்சல் குதிரைவண்டி ஓடத் தொடங்கியது. 72 மைல் தூரத்தை இடையிடையே குதிரை மாற்றி ஓடிக் கடந்தது. சமதரையில் ஓடுவது வேறு, கடுகண்ணாவை ஏற்றத்தில் வண்டியை இழுப்பது வேறு. கழுத்துப்பட்டையில் சாய்ந்து, தலை தாழ்த்தி, வயிறு இறுக்கி இழுக்கும் குதிரையின் முதுகு எழுகின்றது. பக்குவமாக, படிப்படியாகப் பழக்கினால் அது பயிற்சி. பழக்காமற் பூட்டினால் அது கொலை.

கோப்பித் தோட்டங்கள் பெருகியபின் துரைமாரின் ஏறுகுதிரைகளும் மட்டக் குதிரைகளும் கண்டிச் சீமையில் நிறைந்தன. ஒஸ்திரேலியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் கப்பலில் வந்த இவற்றைப் பேணியவர் பெரும்பாலும் தென்னிந்தியத் தமிழர். குதிரைக்காரன் என்பதே அவர்களுக்குப் பெயர். அவனுக்கு உதவியாகப் புல் வெட்டுபவன் ஒருவன். துரை வண்டியிற் சென்றால் குதிரைக்காரன் பக்கத்தே ஓடுவான். துரை தோட்டத்தை அடைந்து இறங்கினால், வியர்த்த குதிரையை உடனே கட்டாமல் ஆறும்வரை கையிற் பிடித்து நடத்துவான். சேணம் கழற்றிய முதுகை வைக்கோற் பிரியால் தேய்ப்பான். கொள்ளு வேகவைத்து ஊட்டுவான். விடிவதற்குள் எழுந்து குதிரையை நடத்தித் தசையிளக்கி நிறுத்திய பின்னரே துரை கல்லணையில் கால்வைப்பார். சேணம் உராய்ந்து புண்ணாகும் இடம் எது, எந்தப் பக்கம் தொட்டால் குதிரை முதுகைச் சுருக்குகின்றது என்பதெல்லாம் அவன் உள்ளங்கைக்குத்தான் தெரியும். நெஞ்சடியில் விரலாற் சுரண்டினால் குதிரை வயிற்றை இழுத்து முதுகைத் தூக்கும். இன்று கால்நடை மருத்துவர் குதிரையின் முதுகைச் சோதிக்கவும் வலுப்படுத்தவும் செய்விக்கும் அச்செயலை, நாள்தோறும் வயிற்றைத் தேய்த்துவந்த கை எத்தனை முறை கண்டிருக்கும்!

1867 இல் இருப்புப்பாதை கண்டியை எட்டியது. அஞ்சல் வண்டியின் காலம் அத்துடன் முடிந்தது. பின்னர் மோட்டார் வந்தது. தோட்டத்துக் குதிரை இலாயங்கள் கொட்டில்களாயின, களஞ்சியங்களாயின. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் குதிரை வளர்த்த நெடுந்தீவில் மட்டும் சேணம் காணாத மட்டக் குதிரைகள் கூட்டங்கூட்டமாக இன்றும் மேய்கின்றன. தலையைத் தாழ்த்தி, வெயிலிற் காய்ந்த புல்லைத் தேடி நாள் முழுவதும் நடப்பனவாதலால், அவற்றின் முதுகுக்கு வேறு பயிற்சி வேண்டுவதில்லை.

பேராதனை முதிரைப் பாலம் நின்ற இடத்தில் இப்போது வேறு பாலம் நிற்கின்றது. அதற்கு அப்பால், இரண்டு குதிரைகளின் பொருட்டு மூண்ட பகை முடிந்த கன்னொறுவையில், நாட்டின் கால்நடை மருத்துவ ஆராய்ச்சி நிலையம் அமைந்திருக்கின்றது.